நன்றி செலுத்துவோர் பட்டியல்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது இரண்டு பட்டியல்கள் வாசிப்பார்கள். முதலில் ‘நன்றி செலுத்துவோர்’, அடுத்தது ‘நோயுற்றோர்’. நன்றிப் பட்டியலில் பெயர் வந்தவர்கள் எழுந்து முன்னால் போய் இரண்டு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும். இரண்டையும் தட்டச்சு செய்து தாளில் எடுத்துக் கொடுப்பவள் நான். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டுகிறவளுக்குச் சனிக்கிழமை மத்தியானமும் அதே பிழைப்பு.

வாசிக்கிறவர் சபைச் செயலர். பனைமர உயரம், நேரமும் தவறமாட்டார், அதனால் அவருக்கு ‘மணிக்கூண்டு’ என்று பெயர். தாளில் இருப்பதை இருக்கிறபடியே வாசிப்பார். ‘ஆராதனை முடிந்தது’ என்று நான் அடித்துக் கொடுத்தால் பாட்டின் நடுவிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

என் கணவர் பஸ் டிரைவர். வயிற்றில் புற்றுநோய். நோயுற்றோர் பட்டியலில் அவர் பெயர் பதினாலு மாதமாக இருக்கிறது. புதிதாகப் பட்டியல் தயாரிப்பது என்று ஒன்றும் கிடையாது. போன வாரத்துத் தாளைக் கணினியில் திறந்து, குணமானவர்களின் பெயரைக் கீழேயிருந்து வெட்டி மேலே ஒட்டுவேன், அவ்வளவுதான். கால் முறிந்த தபால்காரர், காமாலை வந்த டீச்சர், கண் ஆபரேஷன் செய்துகொண்ட தையல்காரர் என்று எத்தனையோ பேரை என் கையாலேயே மேலே அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும். கோயில் வேலை செய்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாது. ஆனாலும் எரிந்தது.

அந்த வியாழக்கிழமை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “இனிமே மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லைங்க. உடம்பை வருத்தாம வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க” என்றார். என் கணவர், “ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்று எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒழுங்காக மேஜைக்குக் கீழே தள்ளி வைத்தார். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடிக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் சாவதானமாகச் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஆண்டவர் சித்தம்டி. நாம என்ன பண்ண முடியும்?”

“பதினாலு மாசமா இதையே சொல்றீங்க. என்னை விட்டுட்டுப் போறதுல உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையா?”

அவர் செய்தித்தாளை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

இதுதான் என் வியாதி. அவருக்குப் புற்றுநோய், எனக்கு அவருடைய சமாதானம். ஊசி போட்ட நாளிலும், ரத்த வாந்தி எடுத்த நாளிலும், ‘உமது சித்தம்போல் ஆகட்டும்’ என்றுதான் ஜெபம் செய்தார். பெரிய விசுவாசி என்று சபையில் எல்லாரும் மெச்சினார்கள். நான் ஒருத்திதான் அவர் இருக்கணும், இருக்கணும் என்று பக்கத்தில் மண்டியிட்டு மன்றாடினேன். கயிற்றை இந்தப் பக்கம் நான் இழுக்கிறேன், அந்தப் பக்கம் அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறார். இருக்க வேண்டும் என்று அவருக்கே ஆசை இல்லாதபோது நான் யாருக்காகக் கேட்பது? ஒரே ஒரு தடவை ‘எனக்கும் போக மனசில்லை’ என்று அவர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும், அது போதும் என்று ஏங்கினேன்.

“சபையில இப்போ யாருக்கும் சொல்லாதே. போதகர் ஐயாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்களுக்குள் சரியாகப் பேச்சில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் கோயில் அலுவலக அறையில் உட்கார்ந்தேன். அந்த வாரம் ஒரே ஒரு மாற்றம்தான். தச்சரின் அம்மா நிமோனியா குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார், அவர் பெயரை மேலே அனுப்ப வேண்டும். அந்தம்மாவின் பெயருக்கு நேர் கீழே என் கணவர் பெயர். வெட்டினேன், ஒட்டினேன், அச்சடித்தேன், உறையில் போட்டு மணிக்கூண்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் மானம் போய்விடும் என்று பதறுகிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நன்றி செலுத்துவோர்” என்று தொடங்கினார். முதல் பெயரே என் கணவர் பெயர்.

 முன்வரிசையில் யாரோ “ஸ்தோத்திரம்!” என்றார்கள். அவ்வளவுதான், கைதட்டல் அதிர்ந்தது. பின்னாலிருந்து டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கி, “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!” என்று அழுதாள். ஒரு வரி தள்ளி வெட்டி ஒட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணை அகல விரித்து அவர் பார்த்த பார்வையைக் கோபம் என்று நினைத்தேன்.

சட்டென்று எழுந்தார். மருந்தின் கடுமையில் பாதம் மரத்துப்போய், மாதக்கணக்காக எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அன்றைக்கு ஒரு பெஞ்சையும் தொடவில்லை. பஸ்ஸைச் சுற்றி வந்து டிரைவர் இருக்கையில் ஏறும் பழைய வேகத்தில் நடந்து போனார். முன்னால் நின்று சபையைப் பார்த்துத் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்த முகம் என்னைத் தேடியது. நான் ‘இல்லை’ என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையை வாயில் அழுத்தியும் விம்மல் அடங்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். மெதுவாகப் பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் மன்னிச்சுக்கணும்” என்றார். “இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டறேன். போர்டை மாத்தி வச்சுட்டா ஜனங்க தப்பான வண்டியில ஏறிடுவாங்க. இன்னைக்கு என் போர்டு மாறிப்போச்சு. இங்க வந்து நிக்க வேண்டியது பட்டியல்ல எனக்கு முந்தின பேரு, சுகமாகி வந்த தச்சரோட அம்மா.”

சிலர் சிரித்தார்கள்.

“எனக்குச் சுகமாகலை. டாக்டர் வியாழக்கிழமை கையை விரிச்சுட்டார். டைப் அடிச்சவங்களை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பதினாலு மாசமா என் பேரைக் கீழேயே அடிச்ச கை அது.”

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மணிக்கூண்டு கையிலிருந்த தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் இறங்கி வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்து ஜெபித்தார். என்ன ஜெபித்தார் என்று என் காதில் ஏறவில்லை. ஊரறிய அவரை எழுப்பி நிற்கவைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் குடைந்தது.

ஆராதனை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு இரண்டு தெருதான். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நானே வாயைத் திறந்தேன்.

“ஏங்க, நான் வேணும்னு பண்ணலைங்க.”

“தெரியும்.”

“ரொம்பக் கோபமா?”

அவர் நின்றுவிட்டார். ஒரு வீட்டின் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“பேரைப் படிச்சதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரிப்போர்ட் மாறிப்போச்சுன்னு டாக்டர் உனக்குப் போன் பண்ணியிருப்பாரு, என்கிட்ட சொல்லாம சபையிலயே தெரியட்டும்னு நீ எழுதிட்டேன்னு நெனச்சேன். நீதான் அப்படி ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணுவியே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“முன்னாடி போய்ச் சேர்ற வரைக்கும் நம்பினேன்டி. அடுத்த மாசம் டூட்டிக்குப் போயிடலாம், மொதல் நாள் உன்னைப் பின்னாடி சீட்டுல உட்கார வச்சுக் கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்னுகூட நெனச்சுட்டேன். அந்தப் பத்தடி தூரத்துக்குள்ள எத்தனை ஆசை!” அவர் உதடு கோணியது. “எனக்குப் போக மனசே இல்லடி.”

நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. கேட்டதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈரக்குலையைப் பிடுங்குவது போல வலித்தது. இத்தனை மாதமும் நான் உடைந்துபோவேன் என்று பயந்து, இந்த மனிதர் தன் ஆசையைத் தனக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறார். நானோ அவருக்கு ஆசையே இல்லை என்று சண்டை பிடித்திருக்கிறேன்.

“அதை அவர்கிட்ட சொன்னீங்களா?” என்றேன்.

“ஆண்டவர்கிட்டயா? எப்படிடி சொல்றது? சித்தம் சித்தம்னுட்டு இப்போ போய்...”

“சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முழங்கால் போட்டு அவரே மொதல்ல இதைத்தானே கேட்டாரு? சாவு வேண்டாம்னுதானே கேட்டாரு? சித்தமெல்லாம் அதுக்கப்புறம்தான். நீங்க மொதல் வரியையே விட்டுட்டீங்க.”

சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். ஒதுங்கினோம். என் கணவர் கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை. நடுத்தெரு வெயிலில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“நான் இருக்கணும் ஆண்டவரே. இவளோட இருக்கணும்.”

அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. ‘உமது சித்தம்போல்’ என்கிற மீதி வரியை நான் சொன்னேன்.