மூன்றாவது மேடையின் குரல்

முப்பது வருடமாக அவர் செய்தது ஒரே வேலைதான். டயர்க் கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனத்து உதறுகிறது என்று பார்ப்பார். அதற்கு நேர் எதிரே விளிம்பில் ஒரு ஈயத்துண்டைத் தட்டிவிடுவார். உதறல் நின்றுவிடும். கடையில் அவரை 'பேலன்ஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவருக்கே அவ்வப்போது மறந்துபோகும்.

அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். உள்ளே போன சிடி வண்டு மாதிரி ரீங்கரித்தது, தடதடவென்று நடுங்கியது, பிறகு கப்சிப். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வர மறுத்தது.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அதில் காலையில் எழுதிய வரி: 'என் குரலைக் கேட்கணும். அந்த சிடியைப் போடுங்க.'

இருபத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சியது வெறும் கரகரப்பு. பேசப் பேசத்தான் கொஞ்சமாவது தேறும், வாயை மூடிக்கொண்டிருந்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவள் கேட்டால்தானே? எட்டு மாதமாக எல்லாம் நோட்டில்தான். வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அவருக்குப் பயமாக இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அவள் கடைசியாகச் செய்த அறிவிப்புகளை யாரோ பதிவுசெய்து கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு சிடிதான். இன்னொரு பிரதி கிடையாது.

"கவலைப்படாதே, கழட்டிப் பார்த்துடறேன்" என்றார்.

சிடி டிரைவின் முகப்பில் இருந்த குண்டூசித் துளைக்குள் நிமிர்த்திய கம்பியை விட்டு அழுத்தினார். தட்டு அரை விரற்கடை வந்தது. மெல்ல இழுத்து, சிடியை இரண்டு விரலால் தூக்கி அவள் கையில் கொடுத்தார். பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் சிடியைப் படிக்கும் குட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். மகளின் பழைய பாட்டு சிடி ஒன்றைப் போட்டால், ஜம்மென்று பாடியது. சரி, பிழைத்தோம் என்று மனைவியின் சிடியைப் போட்டார். மறுபடியும் அதே நடுக்கம், அதே கப்சிப்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்ப வெளியே எடுத்த சிடியைப் பென்சில் ஒன்றில் மாட்டி, யோசனை ஏதுமில்லாமல் சுழற்றிவிட்டார். பழக்கதோஷம். வெயில் பட்டு வண்ண வண்ணமாய் ஒரு வெளிச்சம் கூரையெல்லாம் மிதந்தது. சுவரில் ஏறியது, அவள் தோளில் இறங்கியது, மறுபடி கூரைக்குப் போனது. மின்விசிறியும் அதுவும் ஒன்றாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவருக்குக் கண் சொக்கியது. எங்கோ பஸ்கள் கிளம்பும் சத்தம் கேட்கிறாற்போல் இருந்தது. அந்த நாளில் மூன்றாவது மேடையில் நின்று, பதினேழாம் நம்பரைத் தினமும் வேண்டுமென்றே கோட்டைவிட்ட இளைஞன் அவர். விட்டால்தானே அடுத்த அறிவிப்பையும் அவள் குரலில் கேட்கலாம்!

சிடி மெல்ல ஓய்ந்தது. பெயரட்டை ஒட்டியிருந்த ஓரம் கீழே வந்து நின்றது. இன்னொரு தரம் சுழற்றினார். அதே ஓரம்தான் கீழே.

"அட மடையா!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

சிடி கைக்கு வந்த அன்று ஆசை ஆசையாக ஒரு கெட்டி அட்டையை நறுக்கி, 'என் பதினேழாம் நம்பர்' என்று எழுதி, ஒரே ஓரத்தில் ஒட்டியது வேறு யாருமில்லை, சாட்சாத் அவரேதான். ஊர்ச் சக்கரத்துக்கெல்லாம் எடை பார்த்தவர் தன் வீட்டுச் சக்கரத்தை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்.

அவள் அட்டையைப் பிய்க்க நகத்தை வைத்தாள்.

"ஐயோ, வேணாம்! பிச்சா அதோட வெள்ளிப்பூச்சும் உரிஞ்சு வந்துடும். குரலே அதுலதான் இருக்கு."

அன்று அட்டை நறுக்கிய பெட்டியைத் தேடியெடுத்து, அதே அளவில் இன்னொரு துண்டு நறுக்கினார். அதே அளவு பசை. நேர் எதிர்ப்பக்கம் ஒட்டி, காயும்வரை ஊதினார். பென்சிலில் சுழற்றினார். இப்போது ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் நின்றது.

டிரைவ் சத்தமே இல்லாமல் அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதினேழாம் எண் பேருந்து, மூன்றாவது மேடையிலிருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும்.'

அறை முழுக்க அந்தக் குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதைக் கேட்டு ஒரேயடியாக உடைந்துபோய்விடுவாளோ என்று நினைத்தார். நிறுத்திவிடலாமா என்று கையை நீட்டினார்.

"ரொம்ப வேகம்."

காய்ந்த இலையை மிதித்தாற்போல் ஒரு சத்தம். அவர் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

"இப்படி மூச்சு விடாம சொன்னா வயசானவங்க எப்படிங்க பஸ்ஸைப் பிடிப்பாங்க?" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு நிதானமாக, உடைந்து உடைந்து, "பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு" என்று ஆரம்பித்துப் பதினேழாம் நம்பரைக் கடைசிவரை சொல்லி முடித்தாள்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். கண்ணீர் மறைத்ததில் பொத்தானைத் தேட வேண்டியிருந்தது.

"மேடம், பதினேழு போயிடுச்சா?"

"போயிடுச்சு. இன்னைக்கும் விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன். அடுத்தது எப்போ?"

"முக்கால் மணி நேரம் ஆகுமே."

"பரவாயில்ல, மேடம். நீங்க சொல்லிக்கிட்டே இருங்க, நான் இங்கேயே நிக்கறேன்."