மூன்று வருடம் முன்னதாகப் பிறந்தவன்

நான் இரண்டு முறை பிறந்தவன். இரண்டாவது பிறப்பு, முதல் பிறப்புக்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது.

பதினைந்து வயதில் கண்ணாடி பாட்டில் ஆலையில் வேலை கேட்டுப் போனேன். பதினெட்டு நிரம்பாதவனை உலைப் பக்கம் விடக்கூடாது என்பது சட்டம். மேஸ்திரி என் முகத்தில் மீசையைத் தேடினார், கிடைக்கவில்லை. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துப் பதிவேட்டில் பதினெட்டு என்று எழுதினார். என்னைப் பெற அம்மாவுக்குப் பத்து மாதம் ஆயிற்று. மேஸ்திரிக்கு மை காய்கிற நேரம் போதுமாயிருந்தது.

நாற்பத்தேழு வருடம் அந்த உலை முன்னால் நின்றேன். ஒரு கோடையில் சூடு தாங்காமல் என் நிழல் கருகிப்போய், மூன்று நாள் நிழலில்லாமலே வேலைக்கு வந்தேன். இதை நம்பாதவர்கள் எல்லாம் அந்த மூன்று நாளும் விடுப்பில் இருந்தவர்கள்.

ஆலைக் கணக்கில் எனக்கு அறுபத்தைந்து ஆனது. ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. கவலை என்னைப் பற்றியது அல்ல. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது என் ஆலைக் காப்பீட்டு அட்டையில் நடந்துகொண்டிருந்தது. நான் வேலையிலிருந்து நிற்கிற அன்றே அட்டையும் செத்துவிடும். அதற்குப் பிறகு அரசின் முதியோர் காப்பீடு. அறுபத்தைந்து முடிந்தவருக்கும் அவர் மனைவிக்கும் உண்டு.

விண்ணப்பத்தில், 'வயதுச் சான்று ஏதேனும் ஒன்று' என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் ஆலையில் எதையும் ஒற்றையாக அனுப்ப மாட்டோம். சோதனைக்கு ஒரு பாட்டில் கேட்டால் இரண்டு போகும். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஆலை அடையாள அட்டையின் நகலோடு, பெட்டியடியில் கிடந்த பிறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுல அறுபத்தஞ்சு. இதுல அறுபத்திரண்டு. இதுல எதுங்க ஐயா நீங்க?"

"ரெண்டும் நான்தாம்மா. ஒருத்தன் வேலைக்குப் போனான். இன்னொருத்தன் வீட்டுல வளர்ந்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அட்டைய மட்டும் குடுத்திருந்தா நான் பாட்டுக்கு முத்திரை போட்டு அனுப்பியிருப்பேன். இப்ப ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. பிறப்புச் சான்றிதழ் இருந்தா அதுதான் செல்லும். மூணு வருஷம் கழிச்சு வாங்க."

"என் வீட்டுக்காரிக்கு மட்டுமாவது..."

"நீங்க உள்ள வந்தாத்தான் அவங்க உள்ள வர முடியும்."

"மூணு வருஷம் அவ உடம்பு காத்திருக்காதேம்மா."

அவர் ஸ்டேப்ளரைத் திறந்து, அதில் பின் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலை அலுவலகத்துக்கு ஓடினேன். "சார், எனக்கு உண்மையில அறுபத்திரண்டுதான். இன்னும் மூணு வருஷம் வேலை செய்யறேன்" என்றேன்.

"அப்படின்னா பதினஞ்சு வயசுப் பையனை உலையில நிறுத்தினோம்னு ஆகும். அது குத்தம்" என்றார் மேலாளர். "அதுவுமில்லாம கடைசி அஞ்சு வருஷத்துல வயசைத் திருத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. எங்களுக்கு நீங்க அறுபத்தஞ்சுதான்."

"அப்ப நான் எதுலதான் சார் சேர்த்தி?"

"நல்லா ஓய்வெடுங்க" என்று கை கொடுத்தார்.

வீட்டில் சொன்னேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேட்டா ஒண்ணு குடுக்கணும். கட்டின பொண்டாட்டி ஒரு புடவை கேட்டப்ப இந்தத் தாராளம் எங்க போச்சு?"

"ஆலைப் பழக்கம்டி."

"ஆமா, பெரிய ஆலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மேல்முறையீடு எழுதினேன். எட்டு மாதத்துக்குள் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது. தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். தொகையைக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மிச்சம் இருந்தது அரசு மருத்துவமனைதான். ஆறு இயந்திரம். காத்திருப்போர் பட்டியலில் அவள் நாற்பத்தோராவது ஆள்.

"யாராவது வராத நாள்ல போன் பண்றோம். உடனே கிளம்பி வந்துடணும்" என்றார் நர்ஸ்.

வாரத்துக்கு ஒரு முறை அழைப்பு வருகிறது. சில வாரம் அதுவும் இல்லை. அவள் முகம் ஊதிவிட்டது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்று காலை போன் அடித்தது.

"கிளம்பு, ஒரு இடம் காலியாம்."

"யாரு வரலையாம்?"

"ஜன்னலோரப் படுக்கைக்காரர். பேத்தி கல்யாணமாம், ஊருக்குப் போயிட்டாராம்."

"போன தடவை அந்த டீச்சரம்மாவும் கல்யாணத்துக்குத்தான் போனாங்கன்னீங்க."

"சீசன்டி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்பது வருடமாக என் கதை ஒன்றைக்கூடக் கேள்வி கேட்காமல் விட்டவளில்லை.

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்" என்றாள். கட்டிலிலிருந்து காலை இறக்கி, தன் செருப்பில் நுழைத்துப் பார்த்தாள். வீக்கத்தில் நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன்.