முதலில் எழுதியது கிடைக்காது

மஹிமா என்னிடம் பேசுவது ஓடிபிக்காக மட்டும்தான். கல்லூரிக் கவுன்சலிங் தளத்துக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் ஆறு எண்கள் வேண்டும். அவை என் மனைவி கல்பனாவின் செல்போனுக்கு வரும். அக்டோபர் கடைசியில் தங்கைக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் கல்பனா. தன் எண்ணையே எழுதியிருந்தாள். நவம்பரில் டெங்குவில் இறந்துபோனாள். எண்ணை யாரும் மாற்றவில்லை. போன் என்னிடம் இருக்கிறது.

மஹிமா கூப்பிடுவாள். "வந்துதா?" என்பாள். படித்துச் சொல்வேன். வைத்துவிடுவாள். முன்பு என்னை அத்திம்பேர் என்பாள். இப்போது எதுவும் சொல்வதில்லை.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலை, பிறகு மாற்ற முடியாதபடி பூட்டுவதற்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை நேரம். காலையில் நானே உள்ளே போய்ப் பார்த்தேன். கடவுச்சொல் கல்பனாவின் நோட்டில் இருந்தது. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மஹிமாவுக்கு வேண்டியது திருச்சிக் கல்லூரி, சிவில் இன்ஜினியரிங். அவள் அப்பா வைத்தியநாதனுக்கும் அதுதான் வேண்டும். அவர் தங்கை அங்கே இருக்கிறாள். பட்டியலிலோ முதலில் துர்காபூர் இருந்தது. இரண்டாவது ரூர்கேலா. திருச்சி மூன்றாவது.

யார் வேலை என்று உடனே தெரிந்தது. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இடமாற்ற மனுக்கள் வரும் பிரிவில் எனக்கு வேலை. மனுவில் மூன்று ஊர் எழுதலாம். போக ஆசைப்படும் ஊரை யாரும் முதலில் எழுதமாட்டார்கள். முதலில் எழுதியது கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை. மனுக்களைத் தினமும் பார்க்கும் எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நம்பிக்கை அசையாது. வைத்தியநாதனுக்கு அதே ரயில்வேயில் முப்பத்தொரு வருட சர்வீஸ். மகளின் பட்டியலையும் இடமாற்ற மனு மாதிரியே எழுதியிருந்தார்.

மஹிமாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாமியாரும் எடுக்கவில்லை. டாலிகஞ்சில் பஸ் பிடித்து, மாறி, அவர்கள் இருக்கும் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால்.

மாமியார் கதவைத் திறந்து, பழக்கத்தில் "வாங்கோ" என்றாள். சொன்ன பிறகு திரும்பி வைத்தியநாதனைப் பார்த்தாள். அவர் பேப்பரை இறக்கவில்லை. கல்பனாவின் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"எதுக்கு வந்திருக்கார்னு கேளு," என்றார் மாமியாரிடம்.

பட்டியல் தப்பு என்று சொன்னேன். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வரும். ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். துர்காபூர் கிடைத்தால் திருச்சியை அது பார்க்கவே பார்க்காது.

"எட்டு வருஷம் ஃபைல் தள்ளினவர் எனக்குக் கிளாஸ் எடுக்க வந்திருக்கார். ஆசையை முதல்ல காட்டினா எவன் குடுப்பான்? கேளு."

"குடுக்கறதுக்கும் பிடுங்கறதுக்கும் அங்க ஆளே கிடையாது, மாமா."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் பாராசிட்டமால் குடுத்தா சரியாப் போயிடும்னும் இதே குரல்லதான் சொன்னே."

சொன்னது நான்தான். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாமியார் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மஹிமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அறைக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என் லிஸ்ட்டை யார் திறக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நீங்க சொல்றதை நான் நம்பறதா இல்ல. ரூல் எங்க இருக்குன்னு காட்டுங்கோ. நானே படிச்சுக்கறேன்."

காட்டினேன். இரண்டு தரம் படித்தாள். எழுதி வைப்பது ஒன்று, நடப்பது ஒன்று என்றார் அவர். அவள் போன வருட ரேங்க் பட்டியலைத் திறந்தாள். அதற்குள் மணி நாலு தாண்டிவிட்டது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, துர்காபூர் கெடைச்சா என்ன பண்றது?"

"கெடைக்காதும்மா. அதான் முதல்ல போட்டிருக்கோமே."

"போன வருஷம் அங்க கடைசியா உள்ள போனவனோட ரேங்க் என்னைவிட மூவாயிரம் பின்னாடி. எனக்குக் கண்டிப்பா கெடைக்கும். அப்பறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று தடவை சென்னை என்று முதலில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். ஆத்ராவில் போட்டார்கள், கரக்பூரில் போட்டார்கள், கடைசியில் இங்கே. கல்பனா நாலு பள்ளிக்கூடம் மாறினாள். ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் தொடங்கினாள். இதையெல்லாம் மஹிமாவைப் பார்த்துச் சொன்னார். நான் அங்கே இல்லாதது மாதிரி.

"உள்ளதை உள்ளபடி எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

"அது உன் ஆபீஸ்ப்பா."

என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். "நம்பர்."

ஆறு எண்களைச் சொன்னேன். தட்டினாள். அவர் லேப்டாப் மூடிமேல் கையை வைத்தார். "இரு. யோசிச்சுப் பண்ணலாம்," என்றார். குரல் இறங்கியிருந்தது. அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, லேப்டாப்போடு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திருச்சியை மேலே இழுத்தாள். ரூர்கேலா இரண்டாவது. துர்காபூர் கடைசி. ஒருமுறை படித்துப் பார்த்தாள். பூட்டினாள். நாலு முப்பத்தெட்டு.

வைத்தியநாதன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மஹிமா லேப்டாப்பை மேஜையில் வைத்தாள்.

"திருச்சி வந்தாலும் உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லப்போறதில்ல."

"வேண்டாம்."

"வரலேன்னா அப்பா என்னைத்தான் சொல்லுவா. நான் உங்களைச் சொல்லுவேன்."

"சொல்லு."

"வந்தா நான் போயிடுவேன். அப்பறம் இங்க வராதீங்கோ. அம்மா ஒவ்வொரு தரமும் அழறா."

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் இல்லை.

"சரி," என்றேன்.

நான் முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.