மேசைக்காலுக்கு அடியில் இருந்த தாள்

என் முகத்துப் பருக்களுக்குக் கல்லூரியில் நல்ல மரியாதை இருந்தது. கடைசி பெஞ்சுக்காரர்கள் திங்கட்கிழமைதோறும் எண்ணிச் சொல்வார்கள். தோல் டாக்டர் ரெட்டினாய்டு களிம்பு ஒன்றை எழுதித் தந்தார். "ராத்திரி மட்டும், பட்டாணி அளவு. முதல்ல இன்னும் மோசமாகும், தோல் உரியும். பயந்து விட்டுடாத" என்றார். உரிந்தது. சில மாதங்களில் பருக்கள் போய், அவை விட்டுச்சென்ற கரும்புள்ளிகளும் மங்கின.

"என்னடா போடுற?" என்று அக்கா கேட்டாள். அவள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். நான் முகத்துக்குக் களிம்பு பூசுவது தெரிந்தால், அவள் கணவர், என் மாமா, அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டுவார்.

"தண்ணி நிறைய குடிக்கிறேன்க்கா."

களிம்பின் அட்டைப்பெட்டியை முன்பே கிழித்துப் போட்டிருந்தேன். உள்ளே இருந்த தாளைப் படிக்காமலே எட்டாக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தேன்.

அக்காவுக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்பு ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் பலமாகத் தும்மக்கூட மாட்டோம். அவள் கன்னத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்திருந்தது. வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். திரும்பிய பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. மறக்க நினைத்தாலும் முகம் விடாது.

இதற்கிடையில் களிம்புக் குழாய் வேகமாக இளைத்தது. மாமாவைச் சந்தேகப்பட்டு, குழாயில் பேனாவால் கோடு போட்டேன். இரண்டே நாளில் கோடு சுருட்டலுக்குள் போய்விட்டது. ஞாயிறு காலை குழாயை மேசைமேல் வைத்தேன்.

"மாமா, எடுத்ததுதான் எடுத்தீங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"இந்த மூஞ்சிக்கு இனிமே எதைப் பூசி என்னடா ஆகப்போவுது?" என்று அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் மூக்கோரத்தில் தோல் உரிந்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த உரிதல்.

"நான்தான்டா. மூணு வாரமா. நீ சொன்னேன்னு தண்ணியும் குடிச்சுப் பார்த்தேன், பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம். அப்புறம் உன் அலமாரியில இது இருந்துச்சு."

"கேக்காம எந்த மருந்தும் எடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" என்றார் மாமா. சிரிப்பு போயிருந்தது.

"முழுங்கவா செஞ்சேன்? மேலதான தடவினேன்."

நான் குனிந்து தாளை உருவினேன். மேசை ஆடி, காபி தளும்பியது. மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. தேயாத இடத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. அக்கா பிடுங்கிப் படித்தாள்.

மறுநாள் அவளுடைய டாக்டர், "உடனே நிறுத்துங்க. தோல் வழியா உள்ள போறது ரொம்பக் கம்மி. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அஞ்சாம் மாச ஸ்கேன்ல எப்படியும் பார்த்துடுவோம்" என்றார்.

மற்றதெல்லாம் மறந்துபோக, 'பெரும்பாலும்' மட்டும் எங்களோடு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தது. மேசைக்கு யாரும் மறுபடி முட்டுக்கொடுக்கவில்லை. தாள் அக்காவின் கைப்பையில் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கேட்டாள்: "ஒண்ணும் ஆகாதுல்லடா?"

வாய்வரைக்கும் வந்த பதிலை விழுங்கிவிட்டு, "தெரியலக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பளபளவென்றுதான் இருந்தது அது.

"போய் தண்ணி எடுத்துட்டு வா" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.