கம்பியை விடாதவர்கள்

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தங்கை கதை எழுதுகிறவள் என்று தெரிந்தும் வாயைத் திறந்தது அவள் தப்பு.

விஷயம் இதுதான். அக்காவுக்கு நீச்சல் தெரியும். தெரியாதது போல நடித்துக்கொண்டிருக்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'நீலத் தண்ணீரில் தன் முகத்தைக் கண்டபோது, கடந்துபோன வாழ்க்கை முழுவதும் அவளுக்கு…'

அடித்துவிட்டேன். நீச்சல் குளத்தில் எட்டிப் பார்த்தால் குளோரின் வாடைதான் முகத்தில் அடிக்கும். இரண்டாவது முயற்சி:

'கணவனை இழந்த அந்தப் பெண் ஜன்னலோரம் அமர்ந்து…'

இதை அக்காவுக்கே படித்துக் காட்டினேன். (ஆமாம், எழுதுவதை அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்காது.) ஆசை தீரத் திட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "என் வீட்ல எந்த ஜன்னல்கிட்டடி உக்கார முடியும்? எல்லாத்துலயும் துணி காயுது. அந்தப் பெண்ணாம்ல, அந்தப் பெண்! நான் என்ன தெருவுல போறவளா?" என்றாள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அக்கா வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வரிசையில் வருகிறவர்களிடம் பேசிப் பேசியே பொழுதைப் போக்கியவள். ஓய்வு பெற்ற வருடமே அத்தானும் போய்விட்டார். அதன்பிறகு அவள் வீட்டில் வாய் திறந்தது டிவி மட்டும்தான். நான் கூப்பிடும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த 'நல்லா இருக்கேன்' எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு முழங்கால் வலி வந்தது. அந்த வலி நன்றாக இருக்கட்டும். டாக்டர் நீந்தச் சொன்னார்.

3

பொது நீச்சல் குளம். காலையில் பெண்களுக்கான தொடக்க வகுப்பு. ஆழம் குறைந்த பக்கத்தில் சுவரோடு ஒரு எவர்சில்வர் கம்பி ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டிக் காலை அடிக்க வேண்டும். அக்காவோடு இன்னும் இருவர். ஒருவர் பல் டாக்டர். இருவருக்கும் நடுவில் நிற்பவர் தையல்காரம்மா, துணிகளை அளவு குறைத்துக் கூட்டித் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறார். மூவரும் காலடிப்பது கால் மணி நேரம் என்றால் பேசுவது முக்கால் மணி நேரம். சொல்லித்தருகிற பெண் வாயில் எப்போதும் விசில் இருக்கும். அவளுக்கு இவர்கள் வைத்த பெயரும் 'விசில்'. இவர்களுக்கு அவள் வைத்த பெயர் 'கம்பி கோஷ்டி'.

என்ன பேசுவார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேச மாட்டோம்."

"முக்கால் மணி நேரமா?"

"ஆமா. நேத்து அந்த டாக்டர் குக்கரைத் திறக்க முடியாம பட்ட பாட்டைச் சொன்னாங்க பாரு, சிரிச்சு சிரிச்சுத் தண்ணியைக் குடிச்சிட்டேன்."*

குறுக்குவாட்டில் ஒருமுறை கம்பியைத் தொடாமல் கடந்துவிட்டால் உங்களை மாலை வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எல்லோரும் நீளவாட்டில் வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்புகிறார்கள். தலை தண்ணீருக்குள். யார் யாரோடு பேசுவது?

* அந்தக் குக்கர் கதையையும் எனக்குச் சொன்னாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அது தண்ணீரில் நின்று கேட்க வேண்டிய கதை போலிருக்கிறது.

4

அவளுக்கு நீச்சல் வந்துவிட்ட காலை. மழை தூறிக்கொண்டிருந்தது, மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. விசில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் தலைத்தொப்பி நழுவி மிதந்து போனது. பிடிக்கப் போனாள். கைக்கு எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் போனாள். தொப்பி கையில் அகப்பட்டபோது முன்னால் சுவர் இருந்தது. எதிர்ப்பக்கத்துச் சுவர்.

இந்த இடத்தில் நான் ஒரு நல்ல பத்தி எழுதியிருந்தேன். 'அவளுக்குள் ஒரு கதவு திறந்தது' என்று போகும். அக்காவிடம் கேட்டேன்: "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"பக்குனு இருந்துச்சு. விசில் பாத்துட்டாளோன்னு."

பார்க்கவில்லை. அக்கா கரையேறி, ஓரமாகவே நடந்து வந்து, மறுபடி இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் வந்தபோது மும்முரமாகக் காலடித்துக்கொண்டிருந்தாள். கள்ளி.

வெளியே எங்காவது சந்தித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எதுக்குன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றாள் அக்கா.

சின்ன வயதில் 'விளையாட வர்றியா' என்று யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். இந்த வயதில் 'பேச வர்றீங்களா' என்று தட்டினால், என்ன பிரச்சினையோ என்று பதறிப்போவார்கள். நமக்கெல்லாம் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடுதான், ஆனால் நிஜம்.

5

இங்கே எனக்கு ஒரு பிரமாதமான திருப்பம் தோன்றியது. மூவருக்குமே நீச்சல் வந்துவிட்டது, மூவருமே மற்ற இருவருக்காக நடிக்கிறார்கள்! எழுதி முடித்து, என் முதுகை நானே தட்டிக்கொண்டு, அக்காவைக் கூப்பிட்டேன்.

"பாதி சரி" என்றாள். பல் டாக்டருக்குச் சின்ன வயதிலிருந்தே நீந்தத் தெரியுமாம். உடை மாற்றும் அறையில் ஒருநாள் அக்காவிடம் மட்டும் உளறிவிட்டாராம். "நாள் பூரா நான் பேசிட்டே இருக்கேன். எதிர்ல இருக்கறவங்க வாயைத் திறந்தபடியே இருக்காங்க. ஒருத்தராவது பதில் சொல்றாங்களா, சொல்லுங்க? இங்க வந்தாதான் எனக்குப் பதில் கிடைக்குது" என்றாராம்.

"தையல்காரம்மா?"

"அவங்களுக்கு நிஜமாவே வராதுடி. கம்பியை விட்டா கல்லு மாதிரி கீழ போயிடறாங்க."

திருப்பம் போனது. கதை அங்கேதான் ஆரம்பித்தது.

6

ஏனென்றால் மறுநாள் விசில் ஓர் அறிவிப்பு செய்தாள். வகுப்பு முடிகிறது, சனிக்கிழமை தேர்வு. குறுக்கே கடப்பவர்கள் மாலை வகுப்புக்குப் போகலாம். கடக்காதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், புதியவர்கள் காத்திருக்கிறார்கள். நடித்தாலும் போச்சு, நீந்தினாலும் போச்சு. பேச முடியாவிட்டாலும் மூவரும் ஒரே வகுப்பில் சேர்ந்திருக்க ஒரே வழிதான்: தையல்காரம்மாவும் கடக்க வேண்டும். விசில் மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்து வராததை இவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

சொன்னார்கள். தையல்காரம்மா கம்பியைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் ஒருத்திதான் இங்க முட்டாளா?"

கரையேறிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பல் டாக்டரும் அக்காவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கேன்" என்றாள். அதே பழைய 'நல்லா இருக்கேன்'.

7

(இந்தக் காட்சியில் நான் இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். தையல்காரம்மா கடையில் மல்லிகைக் கொடி, பூனை எல்லாம் வைத்திருந்தேன். "அங்க நிக்கவே இடமில்ல, இதுல பூனை வேறயா?" என்று அக்கா எடுக்கச் சொல்லிவிட்டாள்.)

தையல்காரம்மா மெஷினில் ஒரு கால்சட்டையின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அக்கா தன் நீச்சலுடையை மேசைமேல் வைத்தாள்.

"தோள்பட்டை பிஞ்சு போச்சு."

அவர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பிஞ்சது இல்ல. வெட்டினது."

விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தரிக்கோலும் மொக்கை போல. ரெண்டு தடவை வெட்டியிருக்கீங்க."

"மூணு தடவை" என்றாள் அக்கா. "நல்ல துணி. வெட்ட வரல."

தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு இந்த வேலை?"

"வேற என்ன சொல்லிட்டு வர்றது உங்க கடைக்கு? தைக்கறதுக்குன்னு எங்கிட்ட எதுவுமே இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்துவிட்டதாம். என்னிடம் சொல்லும்போதும் உடைந்தது.

"என்மேல இரக்கப்பட்டு நின்னீங்களா ரெண்டு பேரும்?"

"இரக்கமா? உங்களுக்கு நீச்சல் வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நின்னேன்."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கு மட்டும் நீச்சல் கத்துக்கணும்னு ஆசையாக்கும்! தண்ணியைக் கண்டாலே ஆகாது. இங்க வர்றவங்க அளவைச் சொல்லிட்டுப் போயிடறாங்க. அங்கதான் ஒரு மணி நேரம் மனுஷங்களோட இருக்கேன்."

உடையை ஓரமாக வைத்தார். துணி மூட்டையை இறக்கிவிட்டு, அதன் கீழிருந்த ஸ்டூலைத் துடைத்து இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. ஏன், இங்க வர்றதுக்குத் துணியை வெட்டித்தான் ஆகணுமா? சும்மா வந்தா நான் என்ன துரத்தியா விடப்போறேன்?"

8

பத்திரிகை ஆசிரியர் முடிவு கேட்கிறார். கதை இன்று, வெள்ளிக்கிழமை, அவர் கைக்குப் போக வேண்டும். தேர்வு நாளைக் காலை. அவரிடம் இதை விளக்கினேன். "நீங்கதானே எழுதறீங்க, ஒரு முடிவை எழுதுங்களேன்" என்றார். நியாயம்தான்.

முடிவு ஒன்று: தேர்வின்போது விசில் வழுக்கி ஆழத்தில் விழுகிறாள். கம்பி கோஷ்டி பாய்ந்து காப்பாற்… (வேண்டாம். அக்கா என்னைத் தண்ணீரில் அமுக்கிவிடுவாள்.)

முடிவு இரண்டு: மூவரும் வேண்டுமென்றே தோற்று, கைகோத்து வெளியே நடந்து… (அழகாக இருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து தையல்காரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'கடந்து காட்டறேன் பாருங்க' என்கிறாராம்.)

முடிவு மூன்று: கடந்துவிடுகிறார். (இன்றைய நிலவரம்: மிதக்கிறார், காலடிக்கிறார். ஒரு கையை விட்டாயிற்று. இன்னொரு கையில் அக்காவின் சுண்டு விரலை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.)

மூன்றில் எதையும் என்னால் முடிக்க முடியவில்லை என்று ஆசிரியருக்கு எழுதினேன். அது பொய். முடிக்கத் தெரியாமல் இல்லை. கதை தொடங்கியதிலிருந்து அக்கா தினமும் கூப்பிடுகிறாள். 'அந்த வரியை எடு', 'டாக்டரை நல்லவிதமா எழுது' என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், அடுப்பில் பால் பொங்கும்வரை பேசுகிறோம். இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. கதை முடிந்துவிட்டால் நான் எதற்கென்று அவளைக் கூப்பிடுவது? அதனால் ஒரு காற்புள்ளியை வைப்பேன், எடுப்பேன், சந்தேகம் கேட்பேன். விசில் என்னைப் பார்த்திருந்தால் எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பாள்.

இன்று காலை, கடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கிழக்கா மேற்கா என்று கேட்டேன்.

"அது கதைக்கு வேணுமாடி?"

"வேணும்."

"வேணாம். உன் கதைல வெயிலே இல்ல." பிறகு சொன்னாள்: "முடிச்சுத் தொலை. முடிச்சிட்டும் கூப்பிடு."

9

முடித்துவிட்டேன், ஆசிரியரே. முடிவைத் தவிர.

அதை வாசகர்களிடம் விடுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தச் சனிக்கிழமை எப்போதோ போயிருக்கும். தையல்காரம்மா சுண்டு விரலை விட்டாரா, நடுவில் தண்ணீர் குடித்துத் திரும்பினாரா என்று உங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்ளுங்கள். அவர் கடையில் இப்போது இரண்டு ஸ்டூல் இருக்கிறது என்பதை மட்டும் மாற்றாதீர்கள். ஒன்று பல் டாக்டருக்கு.

நான் அக்காவைக் கூப்பிடப் போகிறேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மாதான்.