சிம்னியின் வாய்

மீனை எண்ணெயில் போடுவதற்கு முன் ஸ்டெல்லா ஜன்னல்களைச் சாத்தினாள். சமையலறையில் ஒன்று, கூடத்தில் இரண்டு. வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தாள். பிறகு அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் சிம்னியை மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டாள். அவள் அம்மா செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வரிசை இது. பாரிசுக்கு வெளியே, ஏழாவது மாடியில், மீன் வறுக்கும் நாட்களில் அம்மா இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை குடியிருப்பு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிய பிறகு வந்த பழக்கம். ஸ்டெல்லா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கணவனின் ஊரான செலியமேட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது.

எதிர் வீட்டில் செல்லப்பனைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் போய்விட்டார். துபாயிலிருந்து மகன் வர வேண்டும் என்று பாகூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்திருந்தது. அழுகுரல் கேட்டதும் அவள் கணவன் புகழேந்தி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பந்தலுக்கும் பெட்டிக்கும் அவன்தான் அலைந்துகொண்டிருந்தான். காலையில் ஸ்டெல்லாவும் மாலையோடு போய், பெட்டிக்கு முன் தலைகுனிந்து நின்றுவிட்டு, குழந்தை தனியாக இருக்கிறாள் என்று திரும்பிவிட்டாள். எட்டு மணிக்கு நாத்தனார் ஆரோக்கியசெல்வி டீயும் பன்னும் வாங்கி வந்து கொடுத்தாள். "இத சாப்டுங்க அண்ணி, புள்ளைக்கும் குடுங்க" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அன்பாகச் செய்கிறாள் என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள்.

மகள் லீனா பன்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். எட்டு வயது. இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேறு ஒன்றும் இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். புகழேந்தி போனை எடுக்கவில்லை. முந்தின நாள் அவன் வாங்கி வந்த வஞ்சிரம், மசாலா தடவி ஃப்ரிட்ஜில் இருந்தது. சாவு வீட்டுக்கு எதிரே வாசனை போகக் கூடாது என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அதனால்தான் துண்டு, ஜன்னல், மூன்றாம் வேகம்.

பதினோரு வருடத்துக்கு முன் புகழேந்தி அவளைக் கல்யாணம் செய்துகொண்டு அவளுடைய ஊருக்கு வந்தான். பிரெஞ்சு தெரியாது. அவனுடைய படிவங்களை அவள் நிரப்பினாள். கவுண்டர்களில் அவனுக்காக அவள் பேசினாள். டாக்டரிடம் அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று அவள் சொன்னாள். குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போன பிறகு வேலையும் போனது. அதற்குள் செலியமேட்டில் வீடு எழும்பியிருந்தது. ஆறு மாசம் இருந்து பாப்போம், புடிக்கலைன்னா திரும்பிடலாம் என்றான். ஆகஸ்ட் இருபத்தொன்றுக்குத் திரும்பும் டிக்கெட் மூன்று பேருக்கும் இருந்தது. பாகூர் பள்ளியில் திங்கட்கிழமை வரை லீனாவுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இருப்பதா போவதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்டெல்லா சொல்ல வேண்டும். இன்று வியாழன்.

பிடிக்கவில்லை என்று அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. இங்கே வந்த பிறகு அவன் நிமிர்ந்து நடந்தான். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பினார்கள். கரண்ட் ஆபீசிலும் ரேஷன் கடையிலும் அவனே பேசினான். அவள் பக்கத்தில் நின்றாள். அவள் தமிழ் அவள் அம்மாவுடையது. மளிகைக் கடையில் 'தயவுசெய்து' என்றால் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறுத்துப் போட்டார். தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை. மோட்டார் போட மறந்தால் அன்று துணி இல்லை. மாவு மதியத்துக்குள் புளித்துவிடும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கதவு. அவள் பகலில் கதவைச் சாத்தினாள். எதிர் வீட்டிலிருந்து செல்லப்பனின் மனைவி கனகாம்பாள் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கையில் முருங்கைக்கீரையோடு சமையலறைக்குள் வந்து நிற்பாள்.

"இன்னாடி பாரீஸ்காரி, பட்டப்பகல்ல கதவ சாத்திகினு? போலீசு தேடுதா?"

பிறகு முந்தின நாள் சமையலைப் பற்றிப் பேசுவாள். "நேத்து சாம்பாருல பெருங்காயம் தூக்கலா போயிடுச்சி." "முந்தாநேத்து ஒண்ணுமே ஆக்கலியே, பிரட்டா?" சாத்திய வீட்டுக்குள் நடப்பது இவளுக்கு எப்படித் தெரிகிறது? ஆரோக்கியசெல்விதான் சொல்கிறாள் என்று ஸ்டெல்லா நம்பினாள். புகழேந்தியிடம் சொன்னதற்கு அவன் சிரித்தான். "ஊருன்னா அப்டிதான்." அதன்பின் அவள் நாத்தனாரிடம் குறைவாகப் பேசினாள். கனகாம்பாள் அழைத்தும், இன்று காலை வரை ஒருநாளும் எதிர் வீட்டுக்குப் போனதில்லை.

எண்ணெய் இரைந்தது. இரண்டாவது துண்டைத் திருப்பும்போது ஏதோ மாறியிருந்தது. தீயைத் தணித்துவிட்டுக் கேட்டாள். எதிரே ஒப்பாரி நின்றுவிட்டிருந்தது. காலையிலிருந்து ஓயாமல் இருந்த சத்தம். மேளமும் இல்லை. தெருவில் ஒரு பேச்சுக் குரல்கூட இல்லை. சட்டியில் மீன் பொரிகிற சத்தம் மட்டும் இருந்தது.

கதவை யாரோ தள்ளினார்கள். அடியில் துண்டு சிக்கிக்கொண்டு கதவு பாதி திறந்தது. அந்த இடைவெளியில் ஆரோக்கியசெல்வி.

"அண்ணி! அடுப்ப அமத்துங்க மொதல்ல!"

அமர்த்தினாள்.

"இன்னா காரியம் பண்றீங்க? எதிர்ல பொணம் கெடக்குது. எடுக்கற வரிக்கும் இந்தத் தெருவுல எவ வூட்லயும் அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க. நீங்க மீனு வறுக்கறீங்களே."

"எனக்குத் தெரியாது. ஆனா எல்லாம் சாத்தினேன், செல்வி. வாசனை வெளியே போகாது."

"போவாதா? தெருவே மணக்குது. வெளிய வந்து பாருங்க."

ஸ்டெல்லா வெளியே வரவில்லை. திறந்த கதவின் வழியாகக் கேட்டாள்.

"இன்னா புகழேந்தி, வூட்ல விருந்தா?" ஓர் ஆண் குரல்.

"அவங்க ஊர்ல பொணத்துக்கு மீனு படைப்பாங்களோ இன்னாவோ." இன்னொரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு புகழேந்தி. உரக்கப் பேசினான், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுபா. வெளிய பொறந்தவ. வுட்டுடுங்க."

அவளுக்கு அந்த வாக்கியம் தெரியும். அவளே சொன்னது. கல்யாணமான முதல் வருடம், குடியேற்ற அலுவலகத்தில், தவறான வரிசையில் நின்றுவிட்டதற்காகக் கவுண்டர் பெண் அவன்மீது எரிந்து விழுந்தபோது, ஸ்டெல்லா குறுக்கே வந்து பிரெஞ்சில் சொன்னாள்: இவருக்கு ஒன்றும் தெரியாது, வெளிநாட்டிலிருந்து வந்தவர், விட்டுவிடுங்கள். அவனுக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொன்னாள். திரும்பி வரும் ரயிலில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பல மாதம் கழித்து, ஏதோ பேச்சில், முதல் முதலாக முழுசாகப் புரிந்த பிரெஞ்சு அதுதான் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்தாள்.

மேசையில் லீனா முள்கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா சட்டியை மூடி உள்ளே வைத்தாள். பன்னைப் பிய்த்துக் குளிர்ந்த பாலில் போட்டுக் கொடுத்தாள். எதிரே மறுபடி ஒப்பாரி தொடங்கியது.

மறுநாள் காலை புகழேந்தி குளிக்க வந்தான். கண் சிவந்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"டிக்கெட்ட ஒண்ணும் பண்ண வேணாம். அப்டியே இருக்கட்டும். நீயும் புள்ளையும் போங்க."

"நீங்க?"

"நான் எங்க வர்றது? அங்க வந்து மறுபடியும் வாய மூடிகினு நிக்க சொல்றியா?"

"இங்கே நான் நிக்கிறேன்" என்றாள்.

அவன் துண்டைக் கொடியில் போட்டான். விளிம்புகளைச் சரிசெய்தான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆறு மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை 'போங்க' என்பதுதான். அது வந்தபோது அதில் ஓர் ஆள் குறைந்திருந்தது. அலமாரியைத் திறந்து மூன்று பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டைத் தனியாக வைத்துப் பார்த்தாள். மறுபடி மூன்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள்.

பதினோரு மணிக்கு மகன் வந்து சேர்ந்தான். மூன்று மணிக்கு எடுத்தார்கள். பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வாசல் வாசலாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்டெல்லாவும் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். யாரும் அவளை ஊற்றச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லா வாசல் தண்ணீரும் நடுத்தெருவுக்கு ஓடி, மாலைகளிலிருந்து உதிர்ந்த பூக்களை இழுத்துக்கொண்டு போனது. சற்று நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரச் சத்தம் எழுந்தது. அடுப்புகள் பற்றின. அவள் மட்டும் பற்றவைக்கவில்லை. கை போகவில்லை.

போனவர்கள் ஐந்து மணிக்குத் திரும்பினார்கள். புகழேந்தி குளித்துவிட்டுக் கூடத்தில் படுத்தான். கையைக் கண்களின் மேல் போட்டுக்கொண்டான். லீனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். தமிழில் சொன்னாள். ஸ்டெல்லா சேலை மாற்றிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். சொல்ல வேண்டியதை மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஜன்னலை ஒட்டி ஒரு கயிற்றுக்கட்டில், விரிப்பு இல்லாமல். அதன் காலில் சாய்ந்து கனகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி முந்தானையை இழுத்து ஒதுங்கினாள். அதனால் இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜன்னல் வழியே தன் வீட்டைப் பார்த்தாள். அந்த வீட்டை அவள் எதிரிலிருந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வெளிர்மஞ்சள் சுவர். அதில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிம்னிக் குழாயின் வாய். மூன்று பிளாஸ்டிக் தகடுகள் மூடியிருந்தன. அதற்குக் கீழே சுவரில் எண்ணெய் வழிந்து, ஒரு கை நீளத்துக்குப் பழுப்புக் கோடு. அங்கே, ஏழாவது மாடியில், குழாய் சுவருக்குள்ளேயே ஏறிக் கூரைக்கு மேல் போய்விடும். இங்கே அது எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை. அது நேராக இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றாள். மூன்று முறை சொல்லிப் பார்த்ததில் மீதி மறந்துவிட்டது.

கனகாம்பாள் அவளைப் பார்த்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"புள்ள சாப்ட்டுச்சா?"

"இல்லை."

"நேத்து?"

"பன்னு. பால்ல."

கனகாம்பாள் கட்டில் காலைத் தடவினாள். "மூணு மாசமா அந்தாளுக்குக் கஞ்சிதான். டாக்டர் வேற எதுவும் குடுக்கக்கூடாதுன்ட்டாரு. இங்க படுத்துகினு, உன் வூட்டு வாசனைய வெச்சித்தான் அந்தக் கஞ்சி எறங்கும். இன்னிக்கி கோழிடி, இன்னிக்கி கருவாடுடின்னு எனக்குச் சொல்லும். வஞ்சிரம்னா இன்னும் ரெண்டு வாய் சேத்துக் குடிக்கும்."

பெண்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"நேத்து வாசன வந்துச்சா, நான் பெட்டியத்தான் பாத்தேன். எழுந்து இன்னா மீனுன்னு சொல்லிடுமோன்னு." நிறுத்தினாள். "ஆனா நீ பண்ணது தப்புதான். பெரிய தப்பு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"ஆமா" என்றாள் ஸ்டெல்லா.

வெளியே பந்தலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் மெல்ல இடித்ததும் நிமிர்ந்தாள்.

எதிர்ச் சுவரில் சிம்னியின் தகடுகள் நடுங்கின. மேல் தகடு தூக்கிக்கொண்டது. பிறகு நடுத்தகடு, பிறகு கடைசி. மூன்றும் திறந்து நின்று படபடத்தன. தாளிக்கும் வாசனை தெருவைக் கடந்து வந்தது.

வீட்டில் லீனாவும் அவனும்தான். இங்கே வந்த இந்த ஆறு மாதத்தில் புகழேந்தி சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவன்தான் ஆக்குவான். இங்கே யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று சொல்லியிருந்தான். பந்தல் பிரிக்கும் ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு அந்தச் சுவரையே பார்த்தார்கள்.

கனகாம்பாள் மூக்கைச் சுளித்தாள்.

"வெங்காயம் கருகுது" என்றாள்.

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. தகடுகள் படபடத்துக்கொண்டிருந்தன. பழுப்புக் கோட்டின் நுனியில் ஒரு புதுத் துளி எண்ணெய் சேர்ந்து, கனத்து, விழாமல் நின்றது.