அடுப்படியில் ஒரு சுவிட்ச்

நாற்காலி செய்து விற்கிற தச்சருக்குப் பார்வை முழுசாகப் போன பிறகு முதல் வேலையாகக் காரை விற்றார்கள். கார் ஷெட் காலியானதும், வாடகைப் பட்டறையில் இருந்த மரம் கடையும் மெஷின், துளை போடும் மெஷின், இழைக்கும் மெஷின் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து இறக்கி, "இனிமே இதுதான் என் பட்டறை" என்றார் மனிதர். அவர் மனைவிக்குப் பகீரென்றது. கண் தெரியாதவர் கையில் சுற்றுகிற மெஷினா! இவருக்கென்ன பித்தா பிடித்திருக்கிறது?

ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதுவும் கதவோரம். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர்கள் தரையெல்லாம் படர்ந்து கிடந்தன. முதல் வாரமே ஒன்றில் கால் சிக்கிக் குப்புற விழுந்தார்; தாடையில் தையல். அன்றைக்கே அவள் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் மனிதர் கூடத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கேட்பதில்லை, சண்டைக்குக்கூட வருவதில்லை. அவர் விழுந்ததைவிட இப்படி உட்கார்ந்திருந்ததுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. மனுஷன் உட்கார்ந்தபடியே போய்விடுவார் போலிருந்தது.

கடைசியில் நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் எலக்ட்ரீஷியன். வாயும் கையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வேலை செய்யும். மறுநாளே வந்து அடுப்படியில் நின்றாள்.

"வேணுங்கற இடத்துலெல்லாம் ப்ளக் பாயின்ட் வச்சுக் குடுத்துடறேன் அண்ணி. தரையில ஒரு வயர் கிடக்காது."

"வை. ஆனா ஷெட் மொத்தத்துக்கும் ஒரு சுவிட்ச் என் அடுப்படியில இருக்கணும். உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணனுக்கு ரிமோட்டா?" என்று கேட்டாள். அண்ணியின் முகத்தில் சிரிப்பு வராததைக் கண்டு, "சரி, வைக்கறேன்" என்றாள்.

ப்ளக் பாயின்ட்டுகளை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. "சுவரோரமா வரிசையா வச்சுடேன், பார்க்க லட்சணமா இருக்கும்" என்றாள் மனைவி.

"பார்க்கறது யாரு? அண்ணன் கைக்கு வசதியா இருக்கணும்." நாத்தனார் விடுவிடுவென்று போய் முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து, அண்ணனின் உள்ளங்கைகளில் கொட்டித் தேய்த்தாள்.

"ஐயோ, என் பவுடர்!"

"புதுசு வாங்கித் தர்றேன், சும்மா இருங்க அண்ணி. அண்ணா, கரண்ட் கிடையாது. ஆனா இருக்கறதா நினைச்சுக்கிட்டு ஒரு நாற்காலி செய். ப்ளக் சொருகத் தோணுற இடத்துல சுவரைத் தொடு."

அவர் எழுந்தார். மனைவி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து ஷெட்டைத் திறந்துவிட்டாள். மெஷின் முன்னால் நின்று, உளியைப் பிடித்து, வாயாலேயே "ட்ர்ர்ர்ர்" என்று ஓட்டினார். இத்தனை நாளாக ஒரு வார்த்தை பேசாத வாய்! மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கார்ப்புகை ஏறிக் கறுத்த சுவரில் வெள்ளைக் கைகள். குழந்தை அப்பியதுபோல அங்குமிங்குமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. அவர் எத்தனை முறை சுற்றி வந்து தொட்டாலும் ஒரு கைத்தடத்தின் மேலேயே அடுத்தது விழுந்தது, விரலுக்கு மேல் விரலாக. ஒன்று மட்டும் முழங்கால் உயரத்தில் இருந்தது.

"இங்க எதுக்குங்க?"

"நாற்காலிக் காலைத் தேய்க்கக் கீழ உட்காருவேன்ல? ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மாட்டினா விட்ட இடம் தப்பிடும்."

மெஷின்கள் வந்த பிறகு அந்த ஷெட்டை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. நாத்தனார் பென்சிலை எடுத்து ஒவ்வொரு கைத்தடத்தையும் சுற்றிக் கோடு போட்டாள்.

வெள்ளைக் கை இருந்த இடத்திலெல்லாம் ப்ளக் பாயின்ட் வந்தது. சொன்னபடி அடுப்படியில் ஒரு சுவிட்ச்சும் வந்தது.

முதல் நாள். மெஷின் சத்தம் வீட்டை நிறைத்தது. அடுப்படியில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திடீரென்று மரம் கிறீச்சென்று அலறியது. ஐயோ, விரல்! அவள் பாய்ந்து சுவிட்ச்சை அணைத்துவிட்டு ஓடினாள்.

ஷெட் கதவு இறக்கியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. பக்கவாசல் நிலையில் இடித்துக்கொண்டு நின்றாள். இருட்டு பழகியதும் அவர் தெரிந்தார். முழுசாக, பத்து விரலோடு. உளியை அதன் இடத்தில் வைத்தார். கை நேராகச் சுவருக்குப் போய் சுவிட்ச்சை அணைத்தது, ப்ளக்கைப் பிடுங்கியது. எங்கேயும் தடவவில்லை, தயங்கவில்லை. கடைந்த மரத்தைக் கட்டைவிரலால் வருடிப் பார்த்து "ம்" என்றார்.

"பயந்துட்டியா?" என்றார் திரும்பாமலே.

"கரண்ட்டு... கரண்ட்டு போயிடுச்சுங்க."

"கூடத்துல ஃபேன் ஓடுதே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"சுவிட்ச் இருக்கட்டும். நீ அங்க இருக்கேன்னா எனக்கும் தெம்புதான். ஆனா அணைச்சாலும் போட்டாலும் ஒரு குரல் குடு. என்ன?"

அடுப்படிக்குத் திரும்பினாள். அடுப்பில் இருந்தது தீய்ந்துபோயிருந்தது, இறக்கி வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளாக அவள் புழங்குகிற அடுப்படி. என்ன தோன்றியதோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்ச்சை நோக்கிக் கையை நீட்டினாள். விரல்களில் பட்டது வெறும் சுவர். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினாள். அங்கேயும் சுவர்தான்.

கண்ணைத் திறந்தாள். சுவிட்ச் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"என்னங்க, போடட்டுமா?"

"போடு!"